வெறும் தண்ணீர்ப் புட்டியில் பத்தொன்பது

தாக் சாங்ரே பத்து மணிக்கு வருவதாக எழுதியிருந்தார். ஒன்பது நாற்பதுக்கே ஆய்வகத்துக்கு வந்து நின்றார். எதிராளி தயாராகும் முன் வாசலில் நிற்பது அவர் பழக்கம். பியோ மின்சுக்குக்கு அது நன்றாகத் தெரியும். மாத்திரை ஆலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் ஏழு வருஷம் அவருக்குக் கீழே வேலை பார்த்தவள். அதனால் ஒன்பது இருபதுக்கே வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, அறிக்கை, வரைபடங்கள், கையொப்பத் தாள்கள் என்று மூன்று கட்டாக மேஜையில் அடுக்கிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அட, மின்சுக்! நல்லா இருக்கியே. ஆத்துத் தண்ணியையே பரிசோதிச்சுக்கிட்டிருந்தா ஆளு இளைச்சுப் போயிருப்பேன்னு நினைச்சேன்."

"ஷூவைக் கழட்டிட்டு வாங்க, மேனேஜர். செருப்பு அந்த அலமாரியில இருக்கு."

அலமாரியில் ஒரே ஒரு ஜோடிதான் இருந்தது. தாக்கின் குதிகால் இரண்டும் பின்னால் தொங்கின. அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், செருப்பைச் சத்தமாகத் தேய்த்து நடந்து வந்து நாற்காலியை இழுத்தார்.

அடுத்து வந்தவர் மாவட்ட அலுவலகத்தின் சுற்றுச்சூழல் அதிகாரி பாங் இன்ஹோ. யாரையும் நேராகப் பார்க்காத மனிதர். கடைசியாக வந்தவர் மா துசிக், ஆற்று மட்டி எடுப்போர் சங்கத் தலைவர். ரப்பர் பூட்ஸை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு, செருப்பு இல்லாததால் காலுறையோடு வந்து, தாக்குக்கு நேர் எதிரே அமர்ந்தார். ஆய்வகத்தின் இயக்குநர் மட்டும் வரவில்லை. பல் வலி என்று எட்டரைக்கே கிளம்பிப் போயிருந்தார்.

"ஆரம்பிக்கலாமா?" என்றார் பாங், தன் காகிதக் கோப்பைக் காப்பியிடம்.

விஷயம் இதுதான். ஆலைக் குழாய் ஆற்றில் சேரும் இடத்துக்குக் கீழே வசந்த காலத்திலிருந்து மட்டிகள் வாய் திறந்து செத்துக் கிடந்தன. ஜூன் பதினாறாம் தேதி சங்கம் மூன்று மாதிரிகள் எடுத்து மின்சுக்கிடம் கொடுத்தது. ஒன்று குழாய்க்கு மேலே எடுத்த தண்ணீர்; ஒன்று குழாய்க்குக் கீழே எடுத்தது. மூன்றாவது வெறும் தண்ணீர். ஆய்வகத்திலிருந்து கொண்டுபோன சுத்தத் தண்ணீரை ஆற்றங்கரையிலேயே ஒரு புட்டியிலிருந்து இன்னொரு புட்டிக்கு ஊற்றி மூடிக் கொண்டுவருவது. கையிலிருந்தோ காற்றிலிருந்தோ ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தப் புட்டி காட்டிக்கொடுத்துவிடும். அதில் எதுவும் தெரியக்கூடாது. தெரிந்தால் அன்றைக்கு எடுத்த எல்லாமே செல்லாது, அது விதி.

குழாய்க்குக் கீழே எடுத்த தண்ணீரில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து லிட்டருக்கு நானூற்று அறுபத்தெட்டு நானோகிராம் இருப்பதாக மின்சுக் முத்திரை வைத்துக் கொடுத்தாள். ஆலையின் உரிமத்தில் நூறு வரைக்கும்தான் அனுமதி. மேலே எடுத்த தண்ணீரிலும் வெறும் தண்ணீரிலும் 'தென்படவில்லை' என்று எழுதியிருந்தாள். அறிக்கை போன மறு வாரமே ஆலை அந்தக் குழாயை அடைத்து, கழிவை லாரியில் வெளியூருக்கு அனுப்ப ஆரம்பித்துவிட்டது. இப்போது ஆற்றில் போய்த் தண்ணீர் எடுத்தால் ஒன்றும் கிடைக்காது. அந்த ஒரு நாளின் புட்டிகள்தான் எல்லாமே. அறிக்கையை ஆலை எதிர்த்ததால்தான் இந்தக் கூட்டம். அறிக்கை நின்றால் ஆலையின் உரிமம் ஆடும். விழுந்தால் மின்சுக்கின் முத்திரை போகும். நாற்பத்து நான்கு வயதில் முத்திரை இல்லாத பரிசோதகரை யாரும் வேலைக்கு வைக்க மாட்டார்கள்.

தாக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அறிக்கையைப் புரட்டினார்.

"இந்தப் பத்தியை நீயேதான் எழுதினியா? 'ஈரலில் புகுந்து மாறிய வடிவம் காணப்படவில்லை. ஆகவே மருந்து மனித உடல் வழியாக வந்ததன்று, சாக்கடையிலிருந்து வந்ததன்று.' அழகா எழுதியிருக்கே. எங்ககிட்ட இருந்தப்போ உனக்கு இவ்வளவு எழுத வராதே."

"அங்க எழுத விட்டீங்களா?"

"கோவமா இருக்கே."

"ஏழு வருஷம் வேலை பார்த்தவளைப் பாட்டில் எண்ண ஸ்டோருக்கு அனுப்பினா சந்தோஷமாவா இருப்பாங்க?"

பாங் இருமினார். "பழசெல்லாம் வேண்டாமே..."

"இருக்கட்டும் சார்," என்றார் தாக். "எதுக்காக அனுப்பினேன்னு இவ ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறா. ஒரு வரைபடத்துல கோட்டைக் கொஞ்சம் ஏத்திப் போடச் சொன்னேனாம். அம்மா மாட்டேன்னுட்டாங்களாம். ஒன்பது வருஷமா இதே பாட்டு. சரி, நீ போட்ட கோட்டைப் பார்ப்போம். கணினியைத் திற."

மின்சுக் அசையவில்லை.

இயந்திரம் தண்ணீரில் உள்ள ஒவ்வொரு பொருளையும் அதனதன் நேரத்தில் வெளியே அனுப்பும்; திரையில் ஒரு மேடு எழும். மேட்டின் கீழே ஒரு கோடு போட்டு, கோட்டுக்கு மேலே எவ்வளவு பரப்பு என்று கணக்கிட்டால் மருந்தின் அளவு கிடைக்கும். கோட்டை இயந்திரமே போடும். கையாலும் போடலாம். கொஞ்சம் உயர்த்திப் போட்டால் மேடு சிறுத்துவிடும். ஆனால் கையால் போட்ட கோடு ஒவ்வொன்றையும், போட்டவர் பெயரோடும் நேரத்தோடும், கணினி தனியாக எழுதி வைத்துக்கொள்ளும். அதை அழிக்க முடியாது. தாக்குக்கும் அது தெரியும்.

"என்ன, கடவுச்சொல் மறந்துபோச்சா?"

"மறக்கலை," என்றாள். ஜூன் இருபதாம் தேதி மதியம் இரண்டு பத்துக்குத் தான் என்ன செய்தோம் என்பதும் மறக்கவில்லை. அதன்பின் வந்த இரண்டு மாதங்களில் ஒரு நாள்கூட மறக்கவில்லை. இவர் கண்டுபிடித்து, இவர் வாயால் அதைப் படித்துக் கேட்பதைவிடத் தானே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. நல்ல மனசால் தோன்றியதல்ல. அந்த ருசியை இந்த ஆளுக்குக் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அவள் திரையை மூவருக்கும் தெரியும்படி திருப்பினாள்.

"ரெண்டு கோடு கையால போட்டிருக்கேன். வெறும் தண்ணிப் புட்டியில இயந்திரம் காட்டினது பத்தொன்பது. கோட்டை ஏத்தி எட்டாக்கினேன். மேலே எடுத்த தண்ணியில இருபத்திரெண்டு. அதை ஒன்பதாக்கினேன். பத்துக்குக் கீழே இருந்தா தென்படலைன்னு எழுதலாம். எழுதினேன்."

பாங் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு தாக் சிரிக்க ஆரம்பித்தார். நாற்காலியில் பின்னால் சாய்ந்து, தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"மின்சுக்! என் தங்கமே! ஒன்பது வருஷம் என்னைத் திட்டிட்டுக் கடைசியில என் பாடத்தைத்தான் படிச்சிருக்கே!"

"உங்க பாடம்தான். அதனாலதான் வெளங்கலை."

துசிக் மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "இந்தாம்மா, எனக்குப் புரியற மாதிரி சொல்லு. வெறும் தண்ணிக்குள்ள எப்படி மருந்து வந்துச்சு? நான்தானே ஊத்தினேன்? நீ கொடுத்த தண்ணிதானே அது?"

"நான் கொடுத்தப்போ அதுல ஒண்ணும் இல்லை, தலைவரே."

"அப்போ நான் போட்டேன்னு சொல்றியா?"

தாக் சட்டென்று சிரிப்பை நிறுத்தினார். மூக்கை உயர்த்தி மோந்தார். அவர் கெட்டவர்தான், ஆனால் மோசமான வேதியியலாளர் இல்லை.

"வந்ததுல இருந்து கேக்கணும்னு நினைச்சேன். இந்த அறையில என்ன, ஆஸ்பத்திரி நாத்தம்? தலைவரே, கொஞ்சம் சட்டைக் கையை மடக்குங்க."

"எதுக்குடா மடக்கணும்?"

"அட, மடக்குங்களேன்."

துசிக் மடக்கினார். இரண்டு மணிக்கட்டிலும், முழங்கைக்கு உள்பக்கமும், தோல் நிறத்தில், டைக்ளோஃபெனாக் தடவிய வலி பிளாஸ்திரிகள் ஒட்டியிருந்தன. இடுப்பளவு தண்ணீரில் நின்று, கம்பி வலை கட்டிய வாரியை நாளெல்லாம் பின்னோக்கி இழுக்கிறவர்கள் அவர்கள். அந்தச் சங்கத்தில் பிளாஸ்திரி இல்லாத கை ஒன்றுகூடக் கிடையாது. காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, பழசை உரித்த விரலாலேயே புதுசு.

"கையுறை போடச் சொன்னேனே," என்றாள் மின்சுக்.

"போட்டேன். அந்தச் சின்ன மூடி பிடிபடலை. கழட்டிட்டேன். கையைத்தான் ஆத்துல கழுவினேனே! ஆத்துல கழுவின கை சுத்தமில்லையா?"

தாக் பாங்கைப் பார்த்துக் கைகளை விரித்தார். "சார், கேட்டீங்களா? ஈரல் வழியா வராத மருந்தாம்! பிளாஸ்திரிக்கு எங்கே சார் ஈரல்? இவரு கைதான் எங்க ஆலை! இந்த ஆளு வலிக்கு ஒட்டின பட்டைக்காக எங்க குழாயை ரெண்டு மாசமா அடைச்சு வெச்சிருக்கோம்!"

"அடைக்கச் சொன்னது யாரு?" என்றாள் மின்சுக். "உத்தரவே வரலை. நீங்களாத்தானே அடைச்சீங்க?"

"வாயை மூடு. கோடு போட்டவளுக்கு என்ன பேச்சு?" அவர் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. பிறகு, ஏதோ இனிப்பு கையில் கிடைத்தவர்போல மெல்லக் குனிந்தார். "இல்லை, இதை இப்படியே விடக் கூடாது. சார், மூணு புட்டிக்கும் அன்னைக்கே எடுத்த ஜோடிப் புட்டி சீல் வெச்சுக் குளிர்பெட்டியில இருக்குதில்ல? அதைத் திறக்கணும். இந்தப் பிளாஸ்திரியில குளிர்ச்சிக்கு மெந்தால் போடறாங்க. நாங்க மாத்திரையில மெந்தால் போடறதில்லை. மெந்தாலையும் ஓட்டு, மருந்தையும் ஓட்டு. மூணு புட்டியையும் ஓட்டு. மெந்தால் இருந்தா அது இவரு கை. அதைக் காகிதத்துல பார்க்கணும் நான். சட்டம் போட்டு ஆபீஸ்ல மாட்டணும்."

பாங் தயங்கினார். "அறிக்கைதான் எப்படியும் ரத்தாகுதே, மேனேஜர். இனிமே எதுக்கு..."

"எதுக்கா? இவ நாளைக்கே வேற எங்கயாவது போய், ஆலைக்காரன் மிரட்டினான்னு சொல்லுவா. எனக்கு வேணும். எழுதிக்கோங்க, ஆலை சார்பா நான் கேக்கறேன்."

பாங் எழுதினார். குளிர்பெட்டியிலிருந்து மூன்று புட்டிகள் வந்தன. காகிதச் சீல் கிழியாமல் இருப்பதை நான்கு பேரும் பார்த்தார்கள். திறக்கும் முன், வழக்கப்படி, தாளில் கையொப்பத்துக்குப் பதிலாக அவரவர் முத்திரை வைத்தார்கள். தாக் சிவப்பு மையில் தன் முத்திரையை இரண்டு தடவை தோய்த்து, ஆழமாக அழுத்தினார்.

வேலை நிதானமாகத்தான் நடக்கும். தண்ணீரைச் சிறு வடிகுழாயில் சொட்டுச் சொட்டாக இறக்கி, அதில் தங்கும் மருந்தைக் கொஞ்சம் மெத்தனாலில் கழுவியெடுக்க வேண்டும். மின்சுக் இரட்டைக் கையுறை போட்டுக்கொண்டு செய்தாள். ஒரு கை தூரத்தில் தாக் பின்னாலேயே நின்றார். ஒரு தடவை பிப்பெட்டை அவள் மாற்றிப் பிடித்தபோது, "கை நடுங்குதோ?" என்றார்.

"நீங்க மூச்சு விடறது கழுத்துல படுது. பூண்டு நாத்தம். அதுக்கும் ஒரு புட்டி வெக்கணுமா?"

துசிக் மூலையில் நின்றபடியே அவளை முறைத்துக்கொண்டிருந்தார். "முதல்லயே சொல்லியிருந்தா மறுநாளே போய் வேற தண்ணி எடுத்திருப்போமே, இந்தாம்மா. அப்போ குழாய் திறந்துதானே இருந்துச்சு. நாலு நாள் வெச்சிருந்து கோடு போட்டிருக்கே."

அந்த மதியம் அவள் நினைத்தது மறுநாளைப் பற்றியல்ல. தாக்கின் முகத்தைப் பற்றி. அறிக்கையைக் கையில் வாங்கும்போது அந்த முகம் எப்படிப் போகும் என்பதை மட்டும்தான் நினைத்தாள். 'வெறும் தண்ணி கெட்டுப்போச்சு, திரும்ப எடுங்க' என்று ஒரு வரி தொலைபேசியில் சொல்லியிருந்தால் போதும். கையில் கிடைத்த நானூற்று அறுபத்தெட்டை விட மனசு வரவில்லை.

"தப்புதான்," என்றாள்.

"தப்புன்னா? தண்ணிக்குள்ள போய் நிக்கறது நீயா நானா?"

மாதிரிகளை இயந்திரத்தில் ஏற்றிவிட்டு மத்தியானம் ஒரு மணிக்கு வெளியே வந்தார்கள். எதிர்ச்சாரியில் ஒரே ஒரு கடை, மட்டி சூப்புக் கடை. பாங் உள்ளே போய் உட்கார்ந்தார். துசிக் தாக்கின் தோளைத் தொட்டார்.

"வாங்க மேனேஜர். ஆலையால ஒரு கேடும் இல்லேன்னீங்களே, வந்து ஒரு கிண்ணம் குடிங்க. நான் வாங்கித் தர்றேன்."

"நான் இந்த ஆத்து மட்டி சாப்பிடறதில்லை."

"ஏன்?"

தாக் தன் காரில் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

மூன்று மணிக்கு முடிவுகள் வந்தன. இந்தத் தடவை கோடுகளை இயந்திரமே போட்டது. மின்சுக் கைகளை மேஜைக்குக் கீழே மடியில் வைத்துக்கொண்டாள். முதலில் மெந்தால். மூன்று புட்டியிலும் மேடு எழுந்தது. தாக் விரல் சொடுக்கினார்.

"இருக்கு! வெறும் தண்ணி முப்பத்தொண்ணு. மேல் தண்ணி இருபத்தொன்பது. கீழ்த் தண்ணி முப்பத்து மூணு. சார், எழுதுங்க, மூணும் ஒரே கை! ஒரே பிளாஸ்திரி!"

பாங் எழுதினார். எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அந்த எண்களையே பார்த்தார். அன்றைக்கு முதல் தடவையாக நிமிர்ந்து ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்தார். அது தாக்கின் முகம்.

"மருந்து?" என்றார்.

மருந்து வந்தது. வெறும் தண்ணீரில் பத்தொன்பது. மேல் தண்ணீரில் இருபது. கீழ்த் தண்ணீரில் நானூற்று அறுபத்து நான்கு.

"இருங்க," என்றார் பாங். "எனக்கு வேதியியல் தெரியாது. தப்பா இருந்தா சொல்லுங்க. மூணு புட்டிக்கும் ஒரே கை. மெந்தால் மூணுலயும் முப்பது. அப்போ கையிலிருந்து மருந்தும் மூணுலயும் ஏறக்குறைய ஒரே அளவுதானே விழுந்திருக்கணும்? வெறும் தண்ணியில விழுந்தது பத்தொன்பது. கீழ்த் தண்ணியிலயும் கை ஒரு இருபது போட்டிருக்கும். மீதி நானூத்து நாப்பத்து நாலு யாரு கை?"

தாக் திரையை நோக்கிக் குனிந்தார். தொண்டையைச் செருமினார். மறுபடி குனிந்தார்.

"இல்ல... கீழ எடுக்கும்போது கை அதிகமா நனைஞ்சிருக்கலாம்..."

"அதிகமா நனைஞ்சா மெந்தாலும்தானே ஏறணும், மேனேஜர்?" என்றாள் மின்சுக். "பிளாஸ்திரி தனக்குப் பிடிச்ச சாமானை மட்டும் விடுமா?"

"நீ பேசாதே! இந்த அறிக்கை செத்துப்போச்சு!"

"செத்துப்போச்சுதான். இப்போ ஓட்டினது வேற. நீங்க கேட்டு ஓட்டினது. சீல் உங்க முன்னால பிரிச்சது. உங்க முத்திரை அந்தத் தாள்ல மை காயாம இருக்கு."

தாக் அந்தத் தாளை எடுக்கக் கையை நீட்டினார். பாங் அதற்கு முன்பே அதைத் தன் கோப்பில் வைத்து நாடாவைக் கட்டிவிட்டார். பயந்த மனிதர்கள் காகிதத்தை மட்டும் வேகமாக எடுத்து வைப்பார்கள்.

"ஜூன் மாச அறிக்கை ரத்து," என்றார் பாங், மேஜையைப் பார்த்து. "கோடு ஏத்தினதுக்குத் தனியா விசாரணை வரும். பியோ அம்மா, அது முடியற வரைக்கும் உங்க முத்திரையைக் கொடுத்துடுங்க. வெறும் தண்ணி கெட்டது எதனாலேன்னு மெந்தால் காட்டிடுச்சு, அதனால இன்னைக்கு எண்ணெல்லாம் ஆலை கேட்ட மறுபரிசோதனைன்னு புதுசா போகும். உரிமப் பிரிவுக்கு இன்னைக்கே அனுப்பறேன். அதுல முத்திரை வெக்க உங்க இயக்குநர் வரணும். பல்லு இருந்தாலும் இல்லாட்டியும் வரச் சொல்லுங்க."

மின்சுக் கோட்டுப் பையிலிருந்து முத்திரையை எடுத்தாள். சுண்டுவிரல் நீளம். பதினாறு வருஷம் கைப்பட்டு வழவழப்பானது. மேஜையில் வைத்தபோது உருண்டது, பாங் பிடித்துக்கொண்டார்.

தாக் எழுந்தார். "சந்தோஷமா? முத்திரை போச்சு. இனி எந்த ஆய்வகத்துல உன்னைச் சேர்ப்பாங்கன்னு பார்க்கறேன். பாட்டில் எண்ணுற வேலை எங்ககிட்ட இன்னமும் காலியாத்தான் இருக்கு."

"முதல்ல உங்க குழாய்க்குப் பதில் சொல்லுங்க. அப்புறம் ஸ்டோர்ல எத்தனை பேருக்கு எடம் இருக்குன்னு பார்ப்போம்."

அவர் போனார். செருப்பை உதறியதில் ஒன்று சுவரில் போய் விழுந்தது. துசிக் அவருக்கு முன்பே வெளியேறியிருந்தார்.

அவள் வடிகுழாய்களைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்தபோது வெளியே ஹாரன் விடாமல் அடித்தது. சன்னல் வழியாகப் பார்த்தாள். தாக்கின் கார் சுவரோரம் நின்றது. அதன் பின்னால், ஒரு முழம் இடைவெளியில், துசிக்கின் லாரி குறுக்கே நின்றது. வாரிகளும் ஈர வலைகளும் அதன் மேலே. துசிக் ஓட்டுநர் இருக்கையில் சாய்ந்து, சட்டைக் கையை மடக்கி, மணிக்கட்டிலிருந்த பிளாஸ்திரியைச் சாவதானமாக உரித்துக்கொண்டிருந்தார்.

தாக் சன்னலுக்குக் கீழே வந்து நின்றார். "அந்த ஆளை வண்டியை எடுக்கச் சொல்லு!"

"நானா?"

"நீதான் சொல்லணும். உன் ஆளுதானே?"

மின்சுக் சன்னலை இன்னும் கொஞ்சம் திறந்தாள். துசிக் உரித்த பட்டையை உருட்டித் தாக்கின் காருக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு, அவளையும் அதே முறைப்போடு நிமிர்ந்து பார்த்தார்.

"என் ஆளு இல்லை, மேனேஜர். அவருக்கு என்னைக் கண்டாலே ஆகலை. நான் சொன்னா கேக்க மாட்டாரு," என்று சொல்லிவிட்டுச் சன்னலைச் சாத்தினாள். இன்னும் இரண்டு வடிகுழாய்கள் கழுவ இருந்தன.